நான்கு குரலில் அடங்கிய பாட்டு
கணினி இசையின் வரலாறு – 12

ஒரு திரைப்பாட்டிலோ ராக் பாட்டிலோ ஒரே கணத்தில் இருபது, முப்பது வாத்தியங்கள் ஒலிக்கலாம். நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவியில் ஒரே கணத்தில் நான்கு ஒலிகள்தான் எழும். ஐந்தாவதுக்கு அங்கே வழியே இல்லை. முப்பதை நான்காகச் சுருக்கியும், கேட்பவர் முதல் அடியிலேயே பாட்டை அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்வதுதான் சிப்ட்யூன் கவர். அசல் ஒலிப்பதிவிலிருந்து அரை நொடிகூட இதில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மெட்டையும் தாளத்தையும் காதால் கேட்டுப் பிரித்து, எண்களாக எழுதி, பழைய விளையாட்டுக் கருவியின் ஒலிச் சில்லுக்குக் கொடுக்க வேண்டும். மீதியைச் சில்லு வாசிக்கும்.

கடன் வாங்கிய மெட்டுகள்

கணினி வாசித்து இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கும் மிகப் பழைய பாட்டுகளே பிறருடைய பாட்டுகள்தான். 1951-இல் மான்செஸ்டரில் ஃபெரான்டி மார்க் 1 கணினி வாசித்த மூன்று மெட்டுகளை பிபிசி ஒலித்தட்டில் பதிவு செய்தது. ஒன்று பிரிட்டிஷ் தேசியகீதம், இன்னொன்று ‘பா பா பிளாக் ஷீப்’ என்ற குழந்தைப் பாட்டு, மூன்றாவது க்ளென் மில்லர் இசைக்குழு பிரபலமாக்கிய ‘இன் த மூட்’. தேசியகீதத்துக்கு நிரல் எழுதிய கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி அப்போது ஒரு பள்ளி ஆசிரியர். இயந்திரத்தில் ‘ஹூட்டர்’ என்று ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கணினியைக் கவனித்துக்கொள்பவருக்குக் குரல் கொடுப்பதற்காக வைத்தது அது. அதற்குரிய கட்டளையை வெவ்வேறு வேகத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது ஸ்வரம் பிறந்தது.

எல்லா ஸ்வரமும் சரியாக விழவில்லை. ‘இன் த மூட்’ முடிவதற்குள் இயந்திரம் நின்றுபோனது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பதும் தட்டில் பதிவாகியிருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் கோப்லண்டும் ஜேசன் லாங்கும் 2016-இல் அந்தப் பதிவைச் சீர்செய்தபோது, இயந்திரத்தின் இந்தக் குறையே அவர்களுக்குத் துணையாக வந்தது. மார்க் 1 எந்தெந்த அதிர்வெண்களை எழுப்பியிருக்க முடியும் என்று கணக்கிட்டுப் பார்த்து, பதிவின் சரியான வேகத்தைக் கண்டார்கள். இயந்திரத்துக்கு எட்டாத ஸ்வரத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி அன்று தொடங்கியது. சிப்ட்யூன் கவர் செய்கிறவர்கள் இன்றைக்கும் அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்த விளையாட்டுக் கருவிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600-இன் சில்லுக்கு இரண்டே குரல்கள். ஒவ்வொரு ஒலி வகைக்கும் 32 சுருதி மதிப்புகள் மட்டுமே உண்டு. அந்த 32-ம் இசைக்காகப் பார்த்து வைத்த இடங்களில் விழுபவை அல்ல. கட்டைகள் பாதி சுருதி பிசகிப்போன ஆர்மோனியத்தில் பாட்டு வாசிப்பது போன்ற நிலை அது. அந்தக் கருவியில் 1982-இல் ‘ஜர்னி எஸ்கேப்’ என்ற விளையாட்டு வந்தது. அமெரிக்க ராக் குழுவான ஜர்னியின் புகழை நம்பி டேட்டா ஏஜ் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. அதில் அக்குழுவின் ‘டோன்ட் ஸ்டாப் பிலீவின்’ பாட்டின் மெட்டு சில நொடிகள் வரும். மெட்டு தெரிகிறது, ஆனால் காதில் உறுத்துகிறது. அதே குழுவை வைத்து பாலி மிட்வே 1983-இல் செய்த ஆர்கேட் விளையாட்டில் பெட்டிக்குள் ஓர் ஆடியோ கேசட்டையே வைத்து, ‘செப்பரேட் வேஸ்’ பாட்டை அசலாக ஒலிக்கவிட்டார்கள். சில்லால் முடியாததை டேப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

சில்லாலேயே முடியும் என்று காட்டியது கமடோர் 64. 1982-இல் வந்த இந்தக் கணினியின் ஒலிச் சில்லான சிட் 6581-ஐ வடிவமைத்தவர் பாப் யானஸ். இவர் பிற்காலத்தில் என்சோனிக் என்ற சிந்தசைசர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். சிட் சில்லில் குரல்கள் மூன்றுதான். ஆனால் ஒவ்வொரு குரலும் முக்கோண அலை, ரம்பப்பல் அலை, பல்ஸ் அலை, இரைச்சல் என்ற நான்கு அலைவடிவங்களில் எதையும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எங்கே தங்க வேண்டும், எப்படித் தேய வேண்டும் என்பதைத் தனித்தனியே வகுத்துக் கொடுக்கலாம். வீணைத் தந்தி போலச் சட்டென்று எழுந்து தேய்வதும், வயலின் வில் போல மெல்ல எழுந்து நிற்பதும் இதனால் சாத்தியமாயின. சுருதிக்கும் பஞ்சமில்லை. 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில், அதிர்வெண்ணைக் குறிக்க முடிந்தது. இதற்கெல்லாம் மேல் ஒரு ஃபில்டர். விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இசைவாணர் ஒருவர் தமக்காகவே செய்துகொண்டது போன்ற சில்லு இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கிலாந்தில் ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே, பென் டாக்லிஷ், ஃப்ரெட் கிரே போன்ற இளைஞர்கள் இந்தச் சில்லுக்கு இசை எழுதினார்கள். சொந்த மெட்டுகளோடு பிறர் மெட்டுகளும் அவர்கள் கைவழியே விளையாட்டுகளுக்குள் வந்தன. ‘ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ என்ற பாப் குழுவின் பெயரிலேயே ஓஷன் நிறுவனம் 1985-இல் ஒரு விளையாட்டை வெளியிட்டது. அந்தக் குழுவின் பாட்டுகளை மூன்று குரலுக்கு மாற்றியவர் ஃப்ரெட் கிரே. அதே ஆண்டு வந்த ‘மான்ட்டி ஆன் த ரன்’ விளையாட்டின் இசைக்கு, சார்ல்ஸ் வில்லியம்ஸ் 1940-களில் எழுதிய ‘டெவில்ஸ் கேலப்’ என்ற துள்ளல் மெட்டிலிருந்து ஹப்பார்ட் உந்துதல் பெற்றார். 1986-இல் ‘ஜாய்ட்ஸ்’ விளையாட்டுக்கு அவர் கொடுத்த இசையோ லாரி ஃபாஸ்ட்டின் ‘ஆன்செஸ்டர்ஸ்’ படைப்பின் நேரடியான கவர். சிந்தசைசர்களை அடுக்கடுக்காக வைத்து ஃபாஸ்ட் உருவாக்கியதை ஹப்பார்ட் மூன்று குரலில் நிறுத்திக் காட்டினார். இந்தக் கலையில் முதல் தரமான மாதிரி எது என்று கேட்டால் இதைத்தான் சுட்ட வேண்டும்.

மூன்று குரலில் அடர்த்தியைக் காட்ட அவர்கள் கையாண்ட வித்தை ஆர்ப்பெஜியோ. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து ஒலிக்க மூன்று குரல்கள் வேண்டும். அப்படிச் செலவழித்தால் மெட்டுக்குக் குரல் மிஞ்சாது. அதனால் ஒரே குரலை ஸ, க, ப, ஸ, க, ப என்று நொடிக்கு 50 தடவை தாவ வைத்தார்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும். இசை நிரலும் அந்தத் துடிப்போடு சேர்ந்தே ஓடியது. அவ்வளவு வேகத்தில் காது மூன்றையும் பிரித்துக் கேட்பதில்லை. சற்று நடுங்கும், மணி உருண்டாற்போன்ற ஓர் ஒலியாகக் கேட்கிறது. சிப்ட்யூன் என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் கிறுகிறுப்பு இப்படிச் சிக்கனத்தில் பிறந்ததுதான்.

ஜப்பான் சென்ற வழி வேறு. 1983 ஜூலையில் அங்கே ஃபாமிகாம் என்ற பெயரில் வந்து, பின்பு மேலைநாடுகளில் என்ஈஎஸ் என்று விற்பனையான கருவியில் இரண்டு பல்ஸ் குரல்கள், ஒரு முக்கோண அலைக் குரல், ஓர் இரைச்சல் குரல், சிறு ஒலித்துண்டுகளை வாசிக்கும் ஐந்தாவது குரல் ஆகியவை இருந்தன. ஃபில்டர் இல்லை. முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்கூட வசதி இல்லை. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது, அவ்வளவுதான். அதனாலேயே அது பெரும்பாலும் பேஸ் வாசிக்கப் போனது. 1989 ஏப்ரலில் வந்த கேம் பாய் ஏறக்குறைய இதே ஏற்பாட்டைக் கையடக்கமாக்கியது. முக்கோண அலைக்குப் பதிலாக, 32 புள்ளிகளில் விருப்பப்படி அலைவடிவத்தை வரைந்துகொள்ளும் ‘வேவ்’ குரல் அதில் சேர்ந்தது.

உலகில் மிக அதிகமானோர் கேட்ட சிப்ட்யூன் கவர் எதுவாக இருக்கும் என்று தேடினால், கேம் பாயோடு வந்த டெட்ரிஸ் விளையாட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். பலரும் ‘டெட்ரிஸ் பாட்டு’ என்று முணுமுணுக்கும் அந்த மெட்டு டெட்ரிசுக்காக எழுதப்பட்டதே அல்ல. அது ‘கொரோபேய்னிகி’ என்ற ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டு. ஊர் ஊராகச் சரக்கு சுமந்து விற்கும் வியாபாரிகளைப் பற்றி நிக்கொலாய் நெக்ராசவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது. அதை நான்கு குரலுக்குள் கொண்டுவந்தவர் நிண்டெண்டோவின் ஹிரோகாஸு தனாக்கா. அதே விளையாட்டில் பாஃகின் ஃபிரெஞ்சு சூட் ஒன்றிலிருந்து எடுத்த மெட்டும் உண்டு. சரக்கு விற்பவனின் பாட்டும் பாஃகும் ஒரே சில்லில் ஒரே மரியாதையோடு ஒலித்தன. அந்தப் பாட்டின் அசல் பெயரை அறியாதவர்கள்கூட இன்றும் அதைச் சதுர அலையின் குரலிலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். கவர் அசலை மிஞ்சியது என்று சொல்லத் தகுந்த வெகுசில இடங்களில் இது ஒன்று.

கட்டங்களில் எழுதும் இசை

1980-களில் இப்படி இசை அமைக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதவைத் திறந்துவிட்டது ‘ட்ராக்கர்’ என்ற மென்பொருள் வகை. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஓபார்ஸ்கி 1987-இல் அமிகா கணினிக்காக எழுதிய ‘அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர்’ இதன் முன்னோடி. திரையில் குரலுக்கு ஒரு நெடுவரிசை இருக்கும். நேரம் மேலிருந்து கீழே ஓடும். எந்த வரியில் எந்த ஸ்வரம், எந்த ஒலி என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனால் பாட்டு. அமிகாவால் பதிவு செய்த ஒலிகளை வாசிக்க முடியும் என்றாலும், மிகச் சிறிய அலைத்துண்டுகளை மட்டும் வைத்துப் பழைய கமடோர் 64-இன் குரலைப் போலச் செய்த மெட்டுகளுக்கு ஒரு தனி ஈர்ப்பு உருவானது. ‘சிப்ட்யூன்’ என்ற சொல் பரவியது அந்த வட்டத்திலிருந்துதான்.

ட்ராக்கர் கேம் பாய்க்குள் நுழைந்தபோது இந்தக் கலை சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. 1998-இல் ஜெர்மனியின் ஆலிவர் விட்சௌ ‘நானோலூப்’ என்ற இசை மென்பொருளைக் கேம் பாய் கார்ட்ரிட்ஜாக உருவாக்கினார். 2000-த்தில் ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ என்ற ட்ராக்கரை வெளியிட்டார். எல்எஸ்டிஜே என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டும் நிண்டெண்டோவின் தயாரிப்புகள் அல்ல. தனி மனிதர்கள் வீட்டில் அமர்ந்து எழுதியவை. திசைக்கட்டையும் நான்கு பொத்தான்களும் தவிர வேறெதுவும் இல்லாத கருவியில் முழுப் பாட்டையும் எழுதலாம் என்பதை இவை நிரூபித்தன. என்ஈஎஸ் சில்லுக்கு ‘ஃபாமிட்ராக்கர்’ போன்றவை கணினியில் எழுத உதவின.

எல்எஸ்டிஜேயில் ஒரு பாட்டு உருவாவதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். அடிப்படை அலகு ‘ஃபிரேஸ்’. அதில் 16 வரிகள். வரிசை எண்கள் 0 முதல் 9 வரை போய், அதற்கு மேல் எழுத்துகளாகத் தொடரும். எல்லா எண்களும் பதினாறடிமானம்தான். நான்கு தட்டுள்ள தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் ஒரு ஃபிரேசுக்குள் அடங்கும். ஃபிரேஸ்களைக் கோத்தால் ‘செயின்’, செயின்களை நான்கு குரல்களுக்கும் அடுக்கினால் பாட்டு. ஒரு வரியில் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ‘சி47’ என்று கட்டளை எழுதினால், சில்லு அந்த ஸ்வரத்தையும், அதிலிருந்து நான்காவது அரைச்சுரத்தையும், ஏழாவது அரைச்சுரத்தையும் மாறி மாறி விரைந்து வாசிக்கும். ஷட்ஜத்தில் தொடங்கினால் அது ஸ, அந்தர காந்தாரம், ப. ‘சி37’ என்று மாற்றினால் காந்தாரம் ஒரு படி இறங்கிச் சாதாரண காந்தாரமாகிவிடும். பாட்டின் முகமே வாடிவிடும். ஓர் எண்ணில் மகிழ்ச்சியும் சோகமும் மாறுவதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது.

சுருதிக் கணக்கும் அருகில் பார்க்க வேண்டியது. கேம் பாயின் பல்ஸ் குரலுக்கு 0 முதல் 2047 வரை ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். 1,31,072-ஐ, 2048-லிருந்து அந்த எண்ணைக் கழித்து வருவதால் வகுத்தால் கிடைப்பதுதான் அதிர்வெண். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 1750 என்று கொடுப்பார்கள். 1,31,072-ஐ 298-ஆல் வகுத்தால் 439.84. எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மேல் ஸ்தாயிகளில் படிகள் அகன்றுபோகும். 2093 ஹெர்ட்ஸ் தேவைப்படும் இடத்தில் 63-ஆல் வகுத்தால் 2080.5, 62-ஆல் வகுத்தால் 2114. இடையில் எதுவும் இல்லை. ஒன்று சற்றுத் தாழும், மற்றது தெளிவாகவே உயரும். அடிப்பக்கமும் எல்லை உண்டு. பல்ஸ் குரல் 64 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்காது. வேவ் குரல் 32 வரை போகும். அதனால்தான் பேஸ் கிட்டாரின் வேலை அதற்கு வந்து சேருகிறது. கவர் செய்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பாட்டை எந்தச் சுருதியில் வைத்தால் இந்த இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே அது சிரமமில்லாமல் உட்காரும் என்பதைத்தான். அசலின் சுருதியையே பிடித்துத் தொங்கினால் பல பாட்டுகள் கெட்டுவிடும்.

அடுத்து வருவது, எதை விடுவது என்ற தீர்மானம். இதில்தான் நல்ல கவரும் சாதாரணக் கவரும் பிரிகின்றன. அசலில் கிட்டார், பியானோ, வயலின் கூட்டம் மூன்றும் இருக்கும். மூன்றுக்கும் இடம் கொடுக்க முயன்றால் எதுவும் தேறாது. ஆனால் பாட்டின் முகவரி சில நேரம் மெட்டில்கூட இருக்காது. பேஸின் ஓர் ஓட்டத்திலோ, இரண்டு அடிகளுக்கு நடுவே வரும் சிறு கிட்டார் துணுக்கிலோ இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் மற்றதைத் துணிந்து விட்டுவிடுவார். ஒரே குரலுக்கு இரண்டு வேலை கொடுப்பதும் வழக்கம். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், மெட்டு வாசித்த அதே குரல் ஓடிப்போய்த் துணுக்கை வாசித்துவிட்டு, அடுத்த அடிக்குத் திரும்பிவிடும். கேட்பவருக்கு இரண்டு வாத்தியங்கள் இருப்பது போலவே தோன்றும். மெட்டின் கடைசி ஸ்வரத்தைக் குறைந்த சத்தத்தில் சற்றுத் தாமதித்து மறுபடி வாசித்தால் எதிரொலி. முக்கோண அலையை உயரத்திலிருந்து விருட்டென்று கீழே சரியவிட்டால் டிரம்மின் ‘தும்’. இரைச்சல் குரலை ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குக்குத் திறந்து மூடினால் ‘ட்ஸ்’.

மிகக் கடினமானது மனிதக் குரல். சில்லுக்குச் சொல் கிடையாது. பாட்டின் வரிகள் முழுவதும் போய்விடும். எஞ்சுவது ஸ்வரமும் அதன் அசைவும் மட்டுமே. பாடகர் ஒரு ஸ்வரத்துக்குக் கீழேயிருந்து தவழ்ந்து வந்தாரா, நேராக இறங்கினாரா, இறுதியில் குரலை அசைத்தாரா என்பதையெல்லாம் தனித்தனிக் கட்டளைகளாக எழுத வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்வரங்களை மட்டும் அடுக்கினால் கைப்பேசியின் பழைய ரிங்டோன் மாதிரி இருக்கும். இணையத்தில் ‘8-பிட்’ என்ற பெயரில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி இந்த உழைப்பு இல்லாமல் வந்தவை. அவற்றில் பல எந்தப் பழைய கருவியையும் தொட்டதே இல்லை. கணினியில் சதுர அலையை ஓடவிட்டு, குரல்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல் செய்தவை. இத்துறையில் உள்ளவர்கள் இதை ‘ஃபேக்பிட்’ என்று பிரித்துச் சொல்வார்கள். அதிலும் நல்ல இசை உண்டு. ஆனால் நான்கில் அடக்கியது, நாற்பதில் பரப்பியது என்ற வேறுபாடு காதுக்குத் தெரியவே செய்யும்.

ஆல்பங்கள்

2007-இல் ‘8-பிட் ஆப்பரேட்டர்ஸ்’ என்ற தொகுப்பு வெளிவந்தது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க் குழுவின் பாட்டுகளைப் பல நாட்டுச் சிப்ட்யூன் கலைஞர்கள் பழைய கருவிகளில் செய்த கவர்கள் அதில் இருந்தன. தொகுத்தவர் ஜெரமி கொலோசின், வெளியிட்டது ஆஸ்ட்ரல்வெர்க்ஸ். நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர், பப்ளிஃபிஷ், கோவாக்ஸ் போன்றவர்கள் அதில் பங்கேற்றார்கள். எல்எஸ்டிஜேயை எழுதிய கோட்லின்ஸ்கியும் ‘ரோல் மாடல்’ என்ற தம் மேடைப் பெயரில் பங்கேற்றார். இயந்திரங்களைப் பற்றி இயந்திரங்களால் பாடிய குழுவைச் சில்லுகள் மறுபடி பாடியது பொருத்தமான தேர்வுதான். பொருத்தமானது என்பதாலேயே சற்று எளிதானதும்கூட. கிராஃப்ட்வெர்க்கின் தாளம் ஏற்கெனவே கட்டங்களுக்குள் இருப்பது.

ஜாஸ் அப்படியல்ல. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நியூயார்க்கில் பதிவானது. ட்ரம்பெட்டில் டேவிஸ், சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோவில் பில் எவன்ஸும் ஒரு பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லியும், பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். வாசித்ததில் பெரும்பகுதி அந்தக் கணத்தில் மனோதர்மமாக எழுந்தது. அந்த ஆல்பம் வெளிவந்து ஐம்பது ஆண்டு நிறைவதையொட்டி, 2009 ஆகஸ்டில் ஆண்டி பாயோ என்ற அமெரிக்கர் ‘கைண்ட் ஆஃப் ப்ளூப்’ என்ற சிப்ட்யூன் ஆல்பத்தைத் தயாரித்து வெளியிட்டார். அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டித்தான் செலவைச் சமாளித்தார். ஐந்து பாட்டுகளை ஆஸ்டோர், வர்ட், செர்ஜியோ, ஷ்னாபுபுலா, டிசாஸ்டர்பீஸ் என்ற ஐவர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜாஸின் ‘ஸ்விங்’ நடையில் இரண்டு அரைத்தட்டுகள் சமமாக விழுவதில்லை. முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் வரும். ட்ராக்கரில் ஒவ்வொரு வரியும் ஆறு ‘டிக்’ நேரம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஸ்விங் வேண்டும்போது எட்டு, நான்கு, எட்டு, நான்கு என்று மாற்றுவார்கள். மொத்தம் மாறாது, நடை மாறிவிடும். ஆனால் அசல் கலைஞர்கள் எட்டுக்கு நான்கு என்று கணக்காகவும் வாசிக்கவில்லை. ஒவ்வோர் அடியிலும் சாய்வு கொஞ்சம் கூடும், குறையும். மனோதர்மத்தைக் கட்டங்களில் எழுதிவைப்பது முரண்பாடான காரியம். அதை எழுதத் துணிந்ததுதான் இந்த ஆல்பத்தின் பெருமை. இதில் பங்கேற்ற வர்ட் என்ற ஜேக் காஃப்மன் பின்னாளில் ‘ஷவல் நைட்’ விளையாட்டுக்கும், டிசாஸ்டர்பீஸ் என்ற ரிச் வ்ரீலண்ட் ‘ஃபெஸ்’ விளையாட்டுக்கும் ‘இட் ஃபாலோஸ்’ திரைப்படத்துக்கும் இசையமைத்தார்கள். கவர் இவர்களுக்கு நல்ல பாடசாலையாக இருந்திருக்கிறது.

2010-இல் பிராட் ஸ்மித் பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தை முழுவதுமாக என்ஈஎஸ் சில்லுக்கு மாற்றி ‘மூன்8’ என்று வெளியிட்டார். 1973-இன் அந்த ஆல்பம் ஒலிப்பதிவுக்கூடத்தின் முழு ஆற்றலையும் பயன்படுத்திச் செய்தது. அடுக்கடுக்கான கிட்டார், பாடகியின் நீண்ட ஆலாபனை, கடிகார மணிகள் எல்லாம் உண்டு. தனித்தனிப் பாட்டுகளை விட்டு, ஒன்றிலிருந்து ஒன்று வழுவிச் செல்லும் ஓட்டத்தோடு முழு ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டார் ஸ்மித். இது என்ஈஎஸ்ஸிலேயே ஓடக்கூடிய ரோம் கோப்பாகவும் கிடைக்கிறது.

உரிமையும் வழக்கும்

மெட்டு பிறருடையது என்பதால் சட்டம் இதில் தவிர்க்க முடியாதது. அமெரிக்கச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியான பாட்டின் கவரைப் பதிவு செய்து விற்க உரிமையாளரின் தனி அனுமதி வேண்டியதில்லை. நிர்ணயித்த ராயல்டியைக் கட்டி உரிமம் பெற்றால் போதும். பாயோ ஐந்து பாட்டுகளுக்கும் முறையாக உரிமம் பெற்றிருந்தார். சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. ஆல்பத்தின் அட்டையில், அசல் அட்டையிலிருந்த மைல்ஸ் டேவிஸின் புகைப்படத்தைச் சதுரப் புள்ளிகளாலான ஓவியமாக வரைந்து போட்டிருந்தார்கள். அந்தப் புகைப்படத்தை எடுத்த ஜே மைசல் பதிப்புரிமை மீறல் என்று ஆட்சேபித்தார். நியாயமான பயன்பாடு என்பது பாயோவின் நிலை. ஆனால் வழக்காடும் செலவு தாங்காது என்று 2010-இல் 32,500 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். இசைக்குத் தெளிவான பாதை வகுத்த சட்டத்தில் ஓவியத்துக்கு அப்படியொரு பாதை இல்லை.

இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கானது. முதல் பதிவு எடுக்கப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி செலுத்த வேண்டும். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் இசையில் மாற்றம் செய்யக் கூடாது. தனி ஆளாக ஒரு திரைப்பாட்டைக் கேம் பாயில் அமைப்பவருக்கு இந்த 50,000 என்ற எண் மிகவும் கனமானது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு. ஃபின்லாந்தின் யான்னே சூனி 2000-த்தில் அமிகாவில் எழுதிய ‘ஆசிட்ஜாஸ்ட் ஈவ்னிங்’ என்ற சொந்த மெட்டு, கமடோர் 64-க்கும் மாற்றப்பட்டிருந்தது. 2006-இல் வந்த நெல்லி ஃபர்டாடோவின் ‘டூ இட்’ பாட்டில், தயாரிப்பாளர் டிம்பாலண்ட் அதை அனுமதியின்றிப் பயன்படுத்தினார் என்று வழக்கு எழுந்தது. மெட்டுக்கு அமெரிக்காவில் முறையாகப் பதிப்புரிமைப் பதிவு செய்யவில்லை என்ற காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2012-இல் அதை உறுதி செய்தது. மெட்டு எடுக்கப்பட்டதா என்பதில் முடியவேண்டிய வழக்கு ஒரு பதிவுப் படிவத்தில் முடிந்தது. சிறிய கலைஞர்களுக்கு இது நியாயமான முடிவு அல்ல.

மின்கலம் தீரும் முன்

பாட்டு முடிந்ததும் அதைக் கருவியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். கேம் பாயின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பது போதாது. ஹெட்ஃபோன் துளை வழியே ஸ்டீரியோவாக எடுக்கலாம். பலர் கருவியைத் திறந்து, சத்தக் குமிழுக்கு முன்னாலேயே ஒலியைப் பிரித்தெடுக்கும்படி இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துக்கொள்கிறார்கள். உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் இதனால் குறையும். பிற்கால மாடல்களைவிட 1989-இன் பருமனான முதல் மாடலையே இசைக்கலைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். அதன் பேஸ் நன்றாக இறங்கும்.

கமடோர் 64-இன் மெட்டுகள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவை. ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன்’ என்ற தன்னார்வத் தொகுப்பில் 50,000-க்கும் மேற்பட்ட மெட்டுகள், எழுதியவர் பெயரோடு பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் கவர்களும் ஏராளம். கேம் பாய்ப் பாட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்எஸ்டிஜே கார்ட்ரிட்ஜில் 32 பாட்டுகள் வரை சேமிக்கலாம். பழைய வகைக் கார்ட்ரிட்ஜ்களில் அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது உள்ளே பொருத்தியிருக்கும் ஒரு நாணய வடிவ மின்கலம். அது தீர்ந்த நாளில் பாட்டுகள் அத்தனையும் அழிந்துவிடும். எந்த முன்னறிவிப்பும் வராது. அப்படி ஒரு கார்ட்ரிட்ஜை மேசை அறையில் போட்டு வைத்திருப்பவர்கள், கார்ட்ரிட்ஜ் ரீடர் வாங்கியோ இரவல் பெற்றோ, சேமிப்புக் கோப்பை இந்த வாரமே கணினியில் நகலெடுத்துவிட வேண்டும். மின்கலத்தை அதன் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.